தோப்பும்படிப் பாலத்தில் நின்று படித்த ப்ராஜக்ட் மேனேஜ்மென்ட்

போன மாதம் ஆபீசில் இரண்டு நாள் ட்ரெயினிங். தலைப்பு "ப்ராஜக்ட் மேனேஜ்மென்ட் அடிப்படைகள்: டீம் ஒர்க் முதல் குவாலிட்டி கன்ட்ரோல் வரை". இருபது வருஷத்துக்கும் மேலாக இதே ஆணியைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறவனை முதல் பெஞ்சில் உட்காரவைத்து "ப்ராஜக்ட் என்றால் என்ன?" என்று ஆரம்பித்தால் எப்படி இருக்கும், சொல்லுங்கள். தூக்கம்தான் வந்தது. வந்த பெண்மணி நன்றாகத்தான் பேசினார், குறை சொல்லக் கூடாது. ஆனால் உதாரணம் என்று வந்தபோது வழக்கம்போல எகிப்து பிரமிடு, பிறகு அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணை. எல்லா ட்ரெயினிங்கிலும் இந்த இரண்டும் வந்தே தீரும்.

காபி இடைவேளையில் ஜன்னல் பக்கம் போய் நின்றேன். நான் இருப்பது ராட்டர்டாம். கீழே மாஸ் ஆறு. தூர்வாரும் கப்பல் ஒன்று அமைதியாகச் சேற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தது. இந்த ஊரின் பிழைப்பே அதுதான். 1872-ல் கடலுக்கு ஒரு புதுக் கால்வாய் வெட்டினார்கள். வெட்டி முடித்ததும் மணல் அடைக்க ஆரம்பித்தது, அன்றிலிருந்து வாரிக்கொண்டேதான் இருக்கிறார்கள். அந்தக் கப்பலைப் பார்த்ததும் எனக்கு நினைவு வந்தது பிரமிடு இல்லை. தோப்பும்படி.

ஊரில் இருக்கும் பலருக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்காது. கொச்சியில், மட்டாஞ்சேரிக்குத் தெற்கே இருக்கிற பகுதி. 1998-ல் என் முதல் வேலை எர்ணாகுளத்தில் கிடைத்தபோது, வாடகை குறைவு என்பதால் தோப்பும்படியில் ஒரு வீட்டின் மாடி அறையில் இரண்டரை வருஷம் இருந்தேன். தினமும் காலையில் தோப்பும்படிப் பாலத்தைத் தாண்டி, வில்லிங்டன் தீவைக் கடந்து, வெண்டுருத்திப் பாலம் ஏறி எர்ணாகுளம் போய்ச் சேரவேண்டும். தோப்பும்படிப் பாலம் குறுகல். பஸ் அதன் மேல் ஊர்ந்துதான் போகும். நடுவில் இரும்பும் மரப்பலகையுமாக ஒரு பகுதி வரும், அங்கே மட்டும் டயரின் சத்தம் மாறும். கீழே படகுகள் போவதற்காக அந்தப் பகுதியைத் தூக்கும்படி செய்திருந்தார்களாம். நம்ம பாம்பன் பாலம் மாதிரி. நான் இருந்த நாட்களில் அதைத் தூக்கிப் பார்த்ததில்லை.

ஒருநாள் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் சாதாரணமாகச் சொன்னார்: "இந்தத் தீவு கடவுள் செய்தது இல்லை, பிரிஸ்டோ சாயிப்பு செய்தது." நான் கிண்டல் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அந்தக் கதையைத்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன். என் தொழிலில் எல்லோரும் வார்த்தையாக உருட்டும் விஷயங்கள் எல்லாம் ஒரே இடத்தில், சேறும் சகதியுமாக நடந்த கதை அது. அதில் யாரும் சிலைடு போடாத ஒரு பாதியும் உண்டு. அது கடைசியில்.

கொச்சி துறைமுகம் ரொம்பப் பழசு என்று நமக்குத் தெரியும். 1341-ல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் முசிறியைத் தூர்த்து கொச்சியின் முகத்துவாரத்தைத் திறந்துவிட்டது என்று வரலாற்று ஆசிரியர்கள் சொல்வார்கள். போர்த்துகீசியர் வந்தார்கள், 1663-ல் இப்போது நான் உப்பு போட்டுத் தின்கிற இந்த டச்சுக்காரர்கள் வந்தார்கள், 1795-ல் ஆங்கிலேயர் பிடித்தார்கள். இத்தனை பேர் அடித்துக்கொண்ட துறைமுகத்தில் ஒரு பெரிய குறை. கப்பல் உள்ளே வர முடியாது! ஃபோர்ட் கொச்சிக்கும் வைப்பீனுக்கும் நடுவே காயல் கடலோடு சேரும் இடத்தில், கல் மாதிரி இறுகிய மணல்திட்டு ஒன்று குறுக்கே படுத்திருந்தது. அதன் மேல் தண்ணீர் எட்டு, ஒன்பது அடிதான். பெரிய கப்பல்கள் வெளிக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். மிளகும் கயிறும் தேயிலையும் வள்ளங்களில் ஏறி அலையோடு மல்லுக்கட்டிக்கொண்டு போகவேண்டும். ஜூனில் தென்மேற்குப் பருவமழை ஆரம்பித்துவிட்டால் அதுவும் பெரிய பாடு. வருஷத்தில் சில மாதம் கதவடைக்கிற கடை மாதிரி.

இந்த மணலை எடுக்க முடியாது என்றுதான் நெடுநாள் நம்பிக்கை. எடுத்தால் வைப்பீன் கரையைக் கடல் அரித்துவிடும், வேம்பநாட்டுக் காயலின் கதி என்ன ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது என்ற பயமும் இருந்தது. அந்தப் பயம் அபத்தமானது இல்லை. கேரளக் கடலோரத்தில் இன்றைக்கும் வீடுகளைக் கடல் கொண்டுபோகிற செய்தியை ஒவ்வொரு மழைக்காலத்திலும் படிக்கிறோமே.

1920 ஏப்ரலில் ராபர்ட் பிரிஸ்டோ என்ற ஆங்கிலேயத் துறைமுகப் பொறியாளர் கொச்சிக்கு வந்து இறங்கினார். அனுப்பியது சென்னை மாகாண ஆளுநராக இருந்த வில்லிங்டன் பிரபு. பிரிஸ்டோ அதற்கு முன் மால்டாவிலும் போர்ட்ஸ்மவுத்திலும் துறைமுக வேலை பார்த்தவர். வந்த ஆள் என்ன செய்தார்? உடனே தோண்ட ஆரம்பிக்கவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீரோட்டம் எந்தப் பக்கம் போகிறது, ஓதம் எவ்வளவு ஏறி இறங்குகிறது, மழைக்காலத்தில் மணல் எங்கிருந்து எங்கே நகர்கிறது என்று படித்தார். அதன் பிறகுதான் "செய்ய முடியும்" என்று ஆளுநருக்கு அறிக்கை போனது.

இங்கே ஒரு நிமிஷம் நிற்கிறேன். நம்ம தொழிலில் டமேஜர்கள் (எழுத்துப்பிழை இல்லை) முதல் நாளே கேட்கும் கேள்வி "எப்போ முடியும்?" என்பது. பிரிஸ்டோ முதலில் கையில் எடுத்த கேள்வி, "எது உடையும்?" உடையப்போவது வைப்பீன் கரை. ஆகவே கால்வாயைத் தொடும் முன் வைப்பீனைக் காப்பாற்ற வழி தேடினார். கருங்கல்லால் தடுப்புகள், ஒன்றுக்கொன்று இணையாகவும் ஒன்றின் நுனி அடுத்ததைத் தாண்டிப் போகும்படியும் கட்டினார்கள். நம்ம ஊர் மீனவர்கள் கேட்டுப் போராடும் தூண்டில் வளைவுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் அழகு என்னவென்றால், மண்ணை அரிக்க வருகிற அதே மழைக்கால அலை, இந்தக் கற்களுக்கு நடுவே மணலைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனது. கரை அரிக்கவில்லை, சில ஏக்கர் கூடவே சேர்ந்தது. "ரிஸ்க் மேனேஜ்மென்ட்" என்று எக்செல் ஷீட்டில் சிவப்பு, மஞ்சள், பச்சை அடித்து வைத்துவிட்டு மறந்துபோகிற நமக்கெல்லாம் இது கொஞ்சம் உறைக்கவேண்டும். பயப்பட்டவர்களிடம் "பயப்படாதே" என்று சொல்லவில்லை. அவர்கள் பயந்த இடத்தில் முதல் வேலையைச் செய்து காட்டினார்.

அந்தத் தைரியத்தில்தான் 1921-ல் முழுத் திட்டமும் தயாரானது. அடுத்தது மனிதர்கள். அது மணலைவிடக் கடினம்.

வரைபடத்தைப் பார்த்தால் விளங்கும். ஃபோர்ட் கொச்சி பிரிட்டிஷ் கொச்சி, சென்னை மாகாணத்துக்குச் சொந்தம். அதை ஒட்டிய மட்டாஞ்சேரியும் தோப்பும்படியும் கொச்சி மகாராஜாவுக்கு. காயலில் தெற்கே போனால் திருவிதாங்கூர் மகாராஜா. இவர்களுக்கு மேலே டில்லியில் இந்திய அரசு. ஒரு வாய்க்கால் தோண்ட நாலு கையெழுத்து! செலவை யார் போடுவது, சுங்க வருமானத்தை யார் எடுப்பது என்று பேசிப் பேசி, ஒப்பந்தம் கையெழுத்தானது 1925-ல். அதாவது பிரிஸ்டோ வந்து ஐந்து வருஷம் கழித்து. இவ்வளவுக்கும் நடுவில் மனிதர் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை, செய்யக்கூடிய வேலைகளைச் செய்துகொண்டே இருந்தார். கிளையன்ட் கையெழுத்து வரும்வரை ஒரு வரி கோடு எழுத மாட்டேன் என்று முறுக்கிக்கொள்கிற எனக்கு இது புது விஷயம். ஆனால் அப்படிச் செய்வதில் உள்ள ஆபத்தும் எனக்குத் தெரியும். ஒப்பந்தம் வராமலே போயிருந்தால் இன்றைக்கு அவரை வேறு மாதிரி எழுதியிருப்போம்.

இந்தப் பங்காளிச் சண்டையில் நம்ம ஆட்களும் இருந்தார்கள் என்பது தமிழனாக எனக்கு ஒரு சின்ன சந்தோஷம். பிரிஸ்டோ வந்தபோது கொச்சியின் திவான் டி. விஜயராகவாச்சாரியார். வேலை முடிகிற காலத்தில், 1935-லிருந்து 1941 வரை திவான், நம்ம கோயம்புத்தூர் ஆர்.கே. சண்முகம் செட்டியார். சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். 1936-ல் கொச்சிக்குப் பெரிய துறைமுகம் என்ற அந்தஸ்து வந்தது அவர் திவானாக இருந்தபோதுதான். எர்ணாகுளத்தில் காயலை ஒட்டிப் போகும் சண்முகம் ரோடு அவர் பெயரில்தான் இருக்கிறது. இரண்டரை வருஷம் அந்த ரோட்டில் சாயங்காலம் கடலை கொறித்துக்கொண்டு நடந்தவன் நான். யாரோ கேரள அரசியல்வாதி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்!

இனி சேறு.

வெட்டவேண்டிய கால்வாயின் அகலம் 450 அடி, நீளம் மூன்று மைலுக்கும் மேல். இதற்காகவே செய்த தூர்வாரும் கப்பலுக்கு ஆளுநர் பெயரையே வைத்தார்கள், 'லார்ட் வில்லிங்டன்'. 1926 மே மாதம் அது கொச்சிக்கு வந்து சேர்ந்தது. கணக்கு எளிமையானது, இரக்கமில்லாதது. நாளைக்கு 20 மணி நேரம், இரண்டு வருஷம் ஓடினால் வேலை முடியும். எந்த இயந்திரமும் இந்த வேகத்தில் ஓடினால் ரிப்பேருக்கு மீதி இருப்பது நாலு மணி நேரம். உப்புத் தண்ணீர், மழைக்காலம். சும்மா இல்லை.

வாரிய சேற்றை என்ன செய்வது? சாதாரணமாகக் கடலில் கொண்டுபோய்க் கொட்டிவிடலாம். அதற்கும் செலவு. பிரிஸ்டோ அதைக் காயலுக்குள்ளேயே கொட்டி, வெண்டுருத்தி என்ற சின்னத் தீவை ஒட்டிப் புதிதாக நிலம் எழுப்பினார். சுமார் 780 ஏக்கர். அதுதான் வில்லிங்டன் தீவு. துறைமுகம் கட்ட இடம் வேண்டும், கிடங்குக்கு இடம் வேண்டும், ரயில் வர இடம் வேண்டும். கரையில் எங்கே பார்த்தாலும் மூன்று ராஜ்யங்களின் எல்லைத் தகராறு. குப்பை என்று கணக்கில் எழுதியிருக்கவேண்டியதை நிலமாக எழுதினார்கள். ப்ராஜக்ட் முடிந்தபோது அந்தக் 'குப்பை'தான் முக்கியமான சொத்து. 1935-ல் பி.பி.சி. வானொலியில் பேசியபோது, தான் குடியிருப்பது கடலின் அடியிலிருந்து எடுத்துச் செய்த தீவில் என்று பிரிஸ்டோ பெருமையாகச் சொன்னார். அந்த பஸ் ஆசாமி என்னிடம் சொன்னதும் அதேதான். பாவம், சிரித்திருக்கக் கூடாது.

குவாலிட்டி கன்ட்ரோல் எங்கே என்று கேட்பீர்கள். 1924 மே மாதம் அமெரிக்காவில் வால்டர் ஷூஹார்ட் என்பவர் தன் மேலதிகாரிக்கு ஒரு பக்கத்தில் ஒரு குறிப்பு அனுப்பினார், அதில் முதல் கன்ட்ரோல் சார்ட் இருந்தது, தரக் கட்டுப்பாடு என்ற துறையே அங்கிருந்துதான் கிளம்பியது என்பார்கள். தொலைபேசிக் கருவிகள் செய்யும் தொழிற்சாலைக்காக எழுதியது அது. அங்கே ஆயிரக்கணக்கில் ஒரே மாதிரிப் பொருள், அதனால் மாதிரி எடுத்துச் சோதிக்கலாம். கொச்சியில் பொருள் ஒன்றே ஒன்று. அதுவும் தண்ணீருக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாது. ஆழம் இருக்கிறதா, இல்லையா? இன்றைக்கு வெட்டியது அடுத்த மழைக்குப் பிறகும் வெட்டியபடியே இருக்கிறதா? தரம் என்றால் இவ்வளவுதான். இதில் இரண்டாவது கேள்விதான் உயிரை வாங்கும். டெலிவரி அன்றைக்கு எல்லா சாஃப்ட்வேரும் ஓடும். ஒரு வருஷம் கழித்து ஓடுகிறதா என்று போய்ப் பார்த்தவர் எத்தனை பேர்?

1928 மே 26. பம்பாயிலிருந்து வந்த 'பத்மா' என்ற நீராவிக் கப்பல் வெளியே காத்து நிற்கிறது. பிரிஸ்டோ "வரலாம்" என்றார். பத்மா புதுக் கால்வாய் வழியாக உள்துறைமுகத்துக்குள் வந்து சேர்ந்தது. தேதியைக் கவனியுங்கள். கேரளத்தில் மழை இறங்குவது ஜூன் 1 வாக்கில். ஒரு வாரம் தள்ளியிருந்தால் சோதனைக்கே வேறு அர்த்தம் வந்திருக்கும். அதன் பிறகும் உடனே கடை திறந்துவிடவில்லை. 30 அடி ஆழம் தேவைப்படும் கப்பல்களுக்கு முறைப்படி திறந்துவிட்டது 1930-31-ல்தான். முதல் கப்பல் வந்தது ஒரு தேதி, யார் வேண்டுமானாலும் நம்பி வரலாம் என்றது வேறொரு தேதி. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள வருஷங்களைத்தான் நம்ம தொழிலில் யாரும் பட்ஜெட்டில் போடுவதில்லை.

டீம் ஒர்க் பற்றி ஒரு விஷயம். பிரிஸ்டோவும் அவர் மனைவி கெர்ட்ரூடும் 1931-ல் எர்ணாகுளத்தில் லோட்டஸ் கிளப் என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். வெள்ளைக்காரர் மட்டும் நுழையும் கிளப்புகள் இருந்த காலம். இந்தியர்களும் ஐரோப்பியர்களும் ஒன்றாக உட்காரும் இடம் வேண்டும் என்பதற்காகவே தொடங்கியது. கிளப் என்றால் பெரிய மனிதர்களுக்குத்தான், மண் சுமந்தவர்களுக்கு இல்லை. இருந்தாலும் அந்தக் காலத்துக்கு அது சின்ன விஷயம் இல்லை. ஒரே மேஜையில் உட்காராத ஆட்களை வைத்துக்கொண்டு எந்த ப்ராஜக்டும் ஓடாது என்பது அவருக்குப் புரிந்திருக்கிறது.

பிறகு பாலங்கள். தீவை இரண்டு பக்கமும் கரையோடு இணைத்தார்கள். எர்ணாகுளம் பக்கம் வெண்டுருத்திப் பாலம், மேற்கே நம்ம தோப்பும்படிப் பாலம். தீவுக்குள்ளேயே கப்பல் பக்கத்தில் ரயில் வந்து நிற்கும் கொச்சி ஹார்பர் டெர்மினஸ் 1943-ல் வந்தது. 1941-ல் பிரிஸ்டோ ஊருக்குக் கிளம்பிவிட்டார். 21 வருஷம், ஒரே ப்ராஜக்ட். தன் கதையை 'கொச்சின் சாகா' என்று 1959-ல் புத்தகமாகவும் போட்டார். இங்கே நாங்கள் பதினெட்டு மாதத்துக்கு ஒருமுறை டீம் மாறுகிறோம்.

ட்ரெயினிங்கில் இந்தக் கதையைச் சொன்னால் இங்கே முடித்துவிடலாம். கைத்தட்டலும் கிடைக்கும். ஆனால் தோப்பும்படியில் எனக்குக் கதை சொன்னது பஸ் ஆசாமி மட்டும் இல்லை.

நான் இருந்த வீட்டுக்கு எதிரே ஒரு பெரியவர் இருந்தார். எல்லோரும் இக்கா என்று கூப்பிடுவார்கள், நானும் அப்படியே. துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் என் அரைகுறை மலையாளத்தைத் திருத்துவது அவருக்குப் பொழுதுபோக்கு. பிரிஸ்டோவைப் பற்றி நான் ஆர்வமாகக் கேட்டபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சாப்பா தெரியுமோ?" என்றார்.

சாப்பா என்றால் உலோகத்தில் செய்த ஒரு டோக்கன். அந்தக் காலத்தில் கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை ஸ்டீவ்டோர் என்ற ஒப்பந்ததாரர்கள் கையில். அவர்களுக்குக் கீழே மூப்பன்மார். காலையில் வேலை தேடி நூற்றுக்கணக்கான பேர் கூடி நிற்பார்கள். மூப்பன் சாப்பாக்களைக் கூட்டத்துக்குள் வீசி எறிவான். அடித்துப் பிடித்து, ஒருவன் மேல் ஒருவன் விழுந்து பொறுக்கினவனுக்கு அன்றைக்கு வேலை. கிடைக்காதவனுக்கு வீட்டில் அன்றைக்கு அடுப்பு இல்லை. நேற்று தோளோடு தோளாக ஒரே மூட்டையைத் தூக்கியவர்கள் இன்றைக்கு ஒரு டோக்கனுக்காக ஒருவன் முகத்தில் ஒருவன் முழங்கையால் இடிக்கவேண்டும். டீம் ஒர்க்காம்!

இதற்கு எதிராகத் தொழிலாளர்கள் போராடினார்கள். 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் போலீஸ் துப்பாக்கிச் சூடு. சையது, சையதலவி இருவரும் குண்டுபட்டு இறந்தார்கள். ஆன்டனி போலீஸ் சித்திரவதையில் இறந்தார். கே.எம். சிதம்பரன் இதை நாடகமாக எழுதினார். அதை வைத்து ராஜீவ் ரவி இயக்கிய 'துறைமுகம்' படம் 2023-ல் வந்தது, நிவின் பாலி நடித்தது. தங்கமணியோடு உட்கார்ந்து பார்த்தேன். சாப்பாவை வீசும் காட்சி வந்தபோது நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

சாப்பா பிரிஸ்டோ போட்ட திட்டம் இல்லை, அதை நேர்மையாகச் சொல்லவேண்டும். அது ஒப்பந்ததாரர்களின் வேலை. ஆனால் சேறு எவ்வளவு, எங்கே போகும், மழையில் எவ்வளவு திரும்பி வரும் என்றெல்லாம் கணக்குப் போட்டுக் கட்டிய ஒரு துறைமுகத்தில், சுமக்க வந்த மனிதனுக்கு நாளைக்கு வேலை இருக்குமா என்பதை மட்டும் யாரும் கணக்குப் போடவில்லை. நாலு அரசாங்கம் உட்கார்ந்து பேசிய ஒப்பந்தத்தின் மேஜையில் அவனுக்கு நாற்காலி இல்லை. ட்ரெயினிங்கில் 'ஸ்டேக்ஹோல்டர்' என்று வட்டம் வட்டமாகப் போடுவார்களே, அதில் அவன் எந்த வட்டம்?

நான் ஏன் எழுந்து போனேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். 2009. பொருளாதாரம் படுத்திருந்த வருஷம், உங்களில் பலருக்கு அந்த நாட்கள் மறந்திருக்காது. அப்போது நான் வேலை பார்த்த இடத்தில் ஒப்பந்த ஆட்களை வாரக் கணக்கில் எடுக்கும் முறை கொண்டுவந்தார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் எனக்கு ஒரு பட்டியல் வரும். பன்னிரண்டு பெயர், பக்கத்தில் மணிக்கு எவ்வளவு என்ற ரேட்டு. அதில் ஏழு பேரை டிக் செய்யவேண்டும். மற்ற ஐந்து பேருக்குத் திங்கட்கிழமை வேலை இல்லை. நானும் டிக் செய்தேன். நாலு மாதம். பட்ஜெட்டுக்குள் முடித்தேன் என்று பாராட்டு மெயில்கூட வந்தது.

அந்தப் பட்டியலில் ஒருவர் திருநெல்வேலிக்காரர். அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது. ரேட்டு கொஞ்சம் கூட. மூன்று வாரம் தொடர்ந்து அவர் பெயரைத் தாண்டிப் போனேன். எனக்கு அவரை முகம் தெரியும், என்ன பேசுவது என்றுதான் தெரியவில்லை, அதனால் லிஃப்டில் போனைப் பார்த்துக்கொள்வேன். அடுத்த ஜனவரியில் இங்கே தமிழர்கள் கூடிய பொங்கல் விழாவில் பந்தி பரிமாறிக்கொண்டு வந்தார். என் இலையில் சர்க்கரைப் பொங்கல் வைத்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா அண்ணே?" என்று கேட்டார். டிக் செய்தது யார் என்று அவருக்குத் தெரியுமா, தெரியாதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மூப்பனுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருந்திருக்கும். அவனும் மேலே இருந்து வந்த எண்ணிக்கைக்குத்தான் சாப்பா வீசியிருப்பான். இதைச் சொல்வது சமாதானத்துக்கு இல்லை. இக்கா சொன்னபோது நான் மூப்பனை வில்லன் என்று நினைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

கொச்சி இன்றும் தூர்வாரிக்கொண்டேதான் இருக்கிறது. 2011-ல் வல்லார்பாடத்தில் பெரிய கன்டெய்னர் முனையம் திறந்தார்கள், அதற்கு இன்னும் கூடுதல் ஆழம் வேண்டும். துறைமுகத்தின் செலவுக் கணக்கில் அது தீராத தலைவலி. தோப்பும்படியில் பழைய பாலத்துக்குப் பக்கத்திலேயே 2001-ல் புதுப் பாலம் வந்துவிட்டது. அங்கே எல்லோரும் பி.ஓ.டி. பாலம் என்றுதான் சொல்வார்கள். நான் கொச்சியை விட்டுக் கிளம்பும்போது அதன் வேலை நடந்துகொண்டிருந்தது.

லீவுக்குப் பிள்ளைகளோடு கேரளா போகிறவர்கள் சீனவலை, யூதர் தெருவோடு திரும்பிவிடாதீர்கள். காலை வெயில் ஏறும் முன் தோப்பும்படியில் இறங்கி, பழைய பாலத்தில் நடந்து தீவுப் பக்கம் போங்கள். நடுவில் தூக்கும் பகுதியைப் பார்க்கலாம். மட்டாஞ்சேரியைப் பார்த்தபடி இருக்கும் வார்ஃபுக்கு மட்டாஞ்சேரி வார்ஃப் என்றே பெயர். நிற்பது கடலுக்கு அடியில் இருந்த மண் மேல் என்று பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். என் பெண் நம்பவில்லை. போன முறை அவளைக் கூட்டிக்கொண்டு போனபோது இக்கா வீடு இருந்த இடத்தில் ஒரு மொபைல் கடை இருந்தது. கடைக்காரப் பையனிடம் அவரைப் பற்றிக் கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. சாப்பா என்றால் தெரியுமா என்று கேட்டேன். "சினிமாவில் பார்த்தேன் சேட்டா" என்றான்.